தடித்த ஸ்பிரிங்

"அண்ணே! விடியக்காலையில நம்ம வண்டிக்கு அடியிலேர்ந்து ரெண்டு கால் நீட்டிக்கிட்டிருந்துச்சு. யாரு காலுன்னு நெனைக்கிறீங்க?"

தம்பி தாஹி மூச்சிரைக்கக் கூடாரத்துக்குள் வந்து நின்றான். முஸப்பா ரொட்டியைத் தேனில் தோய்த்தபடி நிமிர்ந்தான்.

"யாருது?"

"உங்க மச்சான் ஹாரிபோடது! நான் கத்தினதும் உருண்டு எழுந்து ஓடிட்டாரு. அங்கி முழுக்க கியர் ஆயில்!"

ரொட்டி தேனிலேயே ஊறிக் கிடந்தது.

மணல்மேடு ஏறும் பந்தயம் அன்று மாலை. போன வருஷம் ஹாரிப் முதலிடம், முஸப்பா இரண்டாமிடம். முஸப்பாவின் வண்டி மேட்டின் கழுத்துவரை புயலாய்ப் போகும். அங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும். குற்றம் என்ஜின்மீதுதான் என்று முடிவுகட்டி, இந்த வருஷம் புதிதாகப் போட்டிருந்தான். மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேட்டைக்குப் போன இடத்தில் பழக்கிய ராஜாளியைத் தொலைத்தது யார் என்பதில் வந்த தகராறு.

முஸப்பா வண்டியைக் கிளப்பி, கூடாரங்களுக்குப் பின்னாலிருந்த சமதரையில் ஒரு சுற்று விட்டான். என்ஜின் அலறியது. இரண்டாவது கியர் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. வெகுதூரம் போய்த்தான் விழுந்தது.

"கேட்டியா சத்தத்தை? இப்படியே ஏறினா உச்சிக்குப் போறதுக்குள்ள வெடிச்சிடும்!"

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை மாற்றுவது ஆளில்லை, எண்ணெய். வேகம் கூடக் கூட, எண்ணெய் ஒரு சின்ன வால்வை ஒரு பக்கமிருந்து நெட்டித் தள்ளும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங்கும், ஆக்சிலேட்டரை மிதிக்கிற காலின் பலமும் சேர்ந்துகொண்டு விடமாட்டேன் என்னும். எண்ணெய் ஜெயிக்கிற நொடியில் வால்வு நகரும், கியர் மாறும். சம்பந்திச் சண்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இருவரும் அடியில் படுத்து கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். முஸப்பாவின் மெல்லிய ஸ்பிரிங் இருந்த இடத்தில் தடித்த ஸ்பிரிங் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! அண்ணே, கமிட்டிகிட்ட போவோம்."

"முதல்ல ஜெயிப்போம். அப்புறம் ஊர் முன்னாடி இதைத் தூக்கிக் காட்டுவோம்." தடித்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தினான் முஸப்பா. "அவன் வண்டி எப்படியிருக்கு, பார்த்தியா?"

"தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காரு. பெரிய ரகசியமாம்!"

மாலையில் மேட்டைச் சுற்றி ஒரே ஹாரன் சத்தம். ஒலிபெருக்கி ஹாரிபின் பெயரை அழைத்தது. மறுபடி அழைத்தது. வண்டி வரவில்லை.

"மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சு பதுங்கிட்டாரு!" தாஹி குதித்தான். "இன்னிக்கு நம்ம நாள்ணே! விடாதீங்க!"

முஸப்பா விடவில்லை. கொடி இறங்கியதும் வண்டி பாய்ந்தது. மணல் இருபுறமும் இறக்கையாய் விரிந்தது. பாதி மேடு. முக்கால் மேடு. கூட்டம் எழுந்து நின்று கூவியது. ஏறு, ஏறு, ஏறு! கழுத்து வந்தது.

டக்!

இரண்டாவது கியர் விழுந்தது. என்ஜினின் குரல் இறங்கியது. சக்கரங்கள் மணலைத் தோண்டின. உச்சிக்கு நாலு எட்டு கீழே வண்டி அசையாமல் நின்றது.

"ஹாரிப் வேற என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கான்!" ஸ்டீயரிங்கைக் குத்தினான் முஸப்பா.

கோப்பை வேறு ஊருக்குப் போனது. கூடாரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹாரிப் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான்.

பகைவனானாலும் வந்தவனுக்குக் காபி கொடுத்தாக வேண்டும். முஸப்பா ஊற்றி நீட்டினான். ஹாரிப் வாங்கினான், குடிக்காமல் கீழே வைத்தான்.

அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். தருகிறேன் என்று வீட்டுக்காரன் சொல்லாமல் விருந்தாளி குடிக்கமாட்டான்.

மன்னிப்புத்தான் கேட்கப்போகிறான். முஸப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"குடி மச்சான். எது கேட்டாலும் தந்தேன். இவங்க எல்லாரும் சாட்சி."

"அந்தத் தடிச்ச ஸ்பிரிங்கைத் திருப்பிக் குடு."

"பார்த்தீங்களா!" தாஹி துள்ளி எழுந்தான். "அவரு வாயாலேயே ஒத்துக்கிட்டாரு!"

"ஒத்துக்காம என்ன? அது என் கியர்பாக்ஸ்லேர்ந்து கழட்டினதுதானே." ஹாரிப் முஸப்பாவைப் பார்த்தான். "கழுத்துக்கிட்ட உன் வண்டி நிக்கிறதுக்கு என்ஜினா காரணம்? மெல்லிசு ஸ்பிரிங், ஏறி முடியறதுக்குள்ள ரெண்டாவது கியரை விழ விட்டுடுது. என்னுது இருந்திருந்தா உச்சி தாண்டுறவரைக்கும் முதல் கியர்லயே நின்னிருக்கும். நீ சமதரையில ஓட்டிப் பார்த்துட்டுக் கழட்டிட்டியாமே!"

முஸப்பாவின் கை சட்டைப்பைக்குள் போய் அங்கேயே நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா போட்டுக்குவியா? பெருநாளுக்கு நான் அனுப்பின பேரீச்சம்பழத்தையே ஒட்டகத்துக்குப் போட்டவன்தானே நீ!"

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"அப்ப உன் வண்டி?" முஸப்பா கேட்டான்.

ஹாரிப் காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

"நேத்து ஒத்திகையிலேயே அச்சு முறிஞ்சுபோச்சு. நான்தான் ஏற முடியல, என் ஸ்பிரிங்காவது உன்கூட உச்சிக்குப் போகட்டுமேன்னு பார்த்தேன்."