எலி குடியிருந்த இறக்கை

விமானத்தை வாங்க வந்த கிர்ஸ்டன் அதன் வலது இறக்கையின் அடியில் இருந்த வட்ட மூடியை நெம்பியதும் ஹார்லன் இருமினார்.

அங்கே ஒன்றும் இருக்காது என்றார். அவள் கட்டாயம் அங்கே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார்.

விமானம் மூக்கை மேலே தூக்கி, வாலடியில் சிறு சக்கரத்தை ஊன்றி, கொட்டகைக்குள் மிடுக்காக நின்றது. இரண்டே இருக்கை. துணி போர்த்திய மஞ்சள் இறக்கை. அதற்கும் ஹார்லனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரில் அதற்குத்தான் முழங்கால் வலி இல்லை.

ஏப்ரலில் புல்தரையில் இறங்கும்போது அது வாலைச் சுழற்றி ஒரு முழு வட்டம் அடித்துவிட்டது. காற்று என்றார் ஹார்லன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி அர்டிஸ், வயசு என்றாள்.

விமானத்தை விற்காவிட்டால் ஃபார்கோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொன்னாள். விளம்பரம் கொடுத்ததும் அவள்தான். அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து நீலக் கம்பளியில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். இனிமேல் தரையிலேயே இருக்கப்போகிற மனுஷனுக்காம்.

சோதித்துப் பார்த்துக் குறை சொல்லாதவர் யாரோ, அவருக்கே விமானம் என்று ஹார்லன் வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் எலி ஞாபகம் வந்தது.

பழைய விமானம் வாங்க வருகிறவர்கள் எலி என்றால் அலறுவார்கள். இறக்கைக்குள் கூடு கட்டும். அதன் மூத்திரம் பட்டால் உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டம் அரித்துப்போகும். துணியை முழுக்க உரித்தால்தான் சேதம் எவ்வளவு என்று தெரியும். இதற்கு முன் வந்த இரண்டு பேரும் வலது இறக்கையில் கூட்டைப் பார்த்ததுமே, அர்டிஸ் சுட்டுக் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

கிர்ஸ்டன் அப்படிப்பட்டவள் இல்லை. விமான மெக்கானிக். நெடுநாளாக இப்படி ஒன்றைத் தேடி அலைகிறவள். துணியைத் தட்டிப் பார்த்தாள், புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டாள். பின் இருக்கையில் கிடந்த பூப்போட்ட மெத்தை யாருடையது என்று கேட்டாள். மனைவியுடையது, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் ஓடுதளத்தில் பான்கேக் போடுவார்கள், இருவரும் பறந்துபோய்ச் சாப்பிட்டு வருவோம் என்றார் ஹார்லன்.

அவள் ஒவ்வொன்றையும் பார்த்து "நல்லா இருக்கு" என்று முணுமுணுக்கும்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

இப்போது அவள் கையில் எலிக்கூடு. முகர்ந்து பார்த்தாள். உள்ளே டார்ச் அடித்து, சிறு கண்ணாடியை நுழைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

"பெரியவரே, இந்த எலி இங்க குடியிருந்த காலம் பூரா ஒன்னுக்கே போகலையா?"

ஹார்லன் கூரையைப் பார்த்தார்.

"ஒழுக்கமா வளர்ந்த எலி" என்றார்.

கிர்ஸ்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடது இறக்கைக்குப் போனாள். அங்கே ஒன்றும் இருக்காது என்றார் ஹார்லன். இந்த முறை உண்மையாகவே சொன்னார். ஒரு பக்கம் கூடு வைத்தால் போதும் என்று விட்டது தப்பாகிவிட்டது. அவ்வளவுதான், விமானம் போய்விட்டது.

அவள் கையை உள்ளே விட்டாள். இன்னொரு கூடு வந்தது.

இதுவும் காய்ந்து சுத்தமாக இருந்தது. முகர்ந்துவிட்டு அவள் அவரைப் பார்த்தாள். இது நான் வைத்ததில்லை என்று ஹார்லன் தலையாட்டினார். கூட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

புல்லுக்கு நடுவே நீலக் கம்பளி நூல். கத்தரிக்கோலால் ஒரே அளவாக வெட்டியது.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கிர்ஸ்டனும் பார்த்தாள்.

கிர்ஸ்டன் விமானத்தை ஆசையோடு ஒரு முறை தடவிக் கொடுத்தாள். பிறகு இரண்டு கூட்டையும் எடுத்த இடத்திலேயே வைத்து மூடிகளை அழுத்தினாள்.

அர்டிஸ் கேக் தட்டோடு வந்து, விமானம் தேறுமா என்று கேட்டாள். இரண்டு இறக்கையிலும் எலி, வாங்க முடியாது என்றாள் கிர்ஸ்டன். அர்டிஸ் வருத்தமாக உச்சுக்கொட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டை அவளுக்கு வெட்டினாள்.

"அடுத்த வாரம் இன்னொருத்தர் வர்றார்" என்றார் ஹார்லன். "அதுக்குள்ள எலிப்பொறி வைக்கட்டுமா?"

அர்டிஸ் தலை நிமிரவில்லை.

"வேணாம். பாவம், இருந்துட்டுப் போகட்டும்."