ராஜி மனு

சங்கரன்கோவில் கோர்ட்டு வாசலில் வேப்பமரத்து நிழல் உச்சிவெயிலில் சுருங்கி, ஒரு பெஞ்சுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாதைத் தகராறில் கிழவர்களாகிவிட்ட அண்ணன் கோமதிநாயகமும் தம்பி வெள்ளத்துரையும் அதன் இரு முனைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் வக்கீல் குமாஸ்தா மைதீன், தம்பியிடம் ரேகை வாங்கி முடித்து, இப்போது அண்ணனின் பெருவிரலை ராஜி மனுவில் உருட்டி எடுக்கிறார். "இந்த ராஜிய அரபியில 'ராதி'ம்பாங்க அண்ணாச்சி. மனசு நெறஞ்சவன்னு அர்த்தம்" என்கிறார் மைதீன், சவூதியில் லாரி ஓட்டித் திரும்பியவர். "பம்பாயில ராஜியான்னு கேட்டா, சம்மதமான்னு அர்த்தம்" என்று மரத்தைப் பார்த்துச் சொல்கிறார் வெள்ளத்துரை. அங்கே இட்லிக்கடையில் மாவாட்டியவர். கோமதிநாயகம் கொட்டாவியை மென்றுகொண்டே, "இங்கன ரெண்டும் இல்ல பாய். இனிமே கோர்ட்டுக்கு நடக்க முடியலன்னு அர்த்தம்" என்கிறார். மனுவோடு மைதீன் உள்ளே போகிறார். பெருவிரல் மையை முடியில் துடைக்க, பழக்கத்தில் கோமதிநாயகத்தின் கை தலைக்குப் போகிறது. அம்மனுக்கு நேற்று இறக்கிய மொட்டையில் சந்தனம்தான் காய்ந்திருக்கிறது. மை விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அவர் விழிக்கிறார். வெள்ளத்துரை பெஞ்சில் நகர்ந்து வந்து, தன் நரைத்த தலையைக் குனிந்து கொடுக்கிறார்.