பால்கனியின் நீலம்

விற்பனைக்கு வரும் வீடுகள் தங்கள் பலத்தைத் தாங்களே சோதித்துக் காட்டும் காலம் அது. தூத்துக்குடி பருப்பு வியாபாரி தவசிமுத்து, பன்னிரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில் நின்று சுவர்த்திரையைப் பார்த்தார். வீட்டைக் கடுகளவு துண்டுகளாக்கிக் கணக்குப் போட்ட படம். பாரம் தாங்கும் இடம் நீலம், தாங்காத இடம் சிவப்பு. மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. மனைவி ஞானசுந்தரி பால்கனியில் கடல்காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வீடே சொல்லுது அண்ணாச்சி, பெறகென்ன சந்தேகம்?" என்றார் தரகர்.

"அதான்வே சந்தேகம்" என்ற தவசிமுத்து சுவரைப் பார்த்துக் கேட்டார். "பால்கனியில இருவது பேரு நின்னா?"

"தாங்கும் அண்ணாச்சி" என்றது வீடு. நீலம்.

"நூறு மூட்டை துவரம்பருப்பு?"

"தாராளமா வைங்க." அதே நீலம்.

கேட்ட விலைக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் தலையாட்டிய ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒருத்தனிடமும் சரக்கு இருந்ததில்லை.

"சரி, ஒரு யானையை ஏத்து."

திரையில் யானை ஒன்று பால்கனிக்கு வந்து காதாட்டியது. "இன்னொண்ணுக்கும் எடமிருக்கு அண்ணாச்சி" என்றது வீடு.

தரகர் பெருமையாகச் சிரித்தார். தவசிமுத்து பால்கனிப் பக்கம் திரும்பினார்.

"ஏளா சுந்தரி" என்றார், குரலை உயர்த்தாமல். "கம்பியில சாயாம, மெள்ள உள்ள வந்துரு."