எல்லாம் பிழைத்த வயல்

வயலில் ஒரு விதைக்குழிகூடக் காலியில்லை. இரண்டாயிரம் குழியிலும் சோயாச் செடி குட்டையும் நெட்டையுமாகப் பச்சைப் பசேலென்று நின்றது. அதைப் பார்த்த ஆராய்ச்சியாளர், தையல் பிரித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செடி செத்தா அழுவாங்க. பொழச்சதுக்கு அழுவுறவர இப்பத்தான் பாக்கறேன்" என்று மேஸ்திரி டிராக்டர்காரனிடம் முணுமுணுத்தார். அது ஆராய்ச்சியாளர் காதில் விழுந்தது.

சோயா எண்ணெய் சீக்கிரம் காறி வாடையடிக்கும். காறாத எண்ணெய் தரும் விதை வேண்டுமென்று ஆறு வருஷமாக விதைகளைக் கதிர்வீச்சில் வைத்து எடுத்து விதைத்துக்கொண்டிருந்தார். கதிர் சரியாகப் பாய்ந்தால் பாதி விதை செத்துப்போகும். பிழைத்த பாதியின் வாரிசுகளில்தான் என்றைக்காவது ஒன்று குணம் மாறி வரும். ஒன்றுமே சாகவில்லையென்றால் கதிர் விதையைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

முதல் தடவை கதிர் மிஞ்சி அத்தனையும் கருகியது. இரண்டாம் தடவை கதிர் போதாமல் அத்தனையும் பிழைத்தது. மூன்றாவதான இதுவும் தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்று இயக்குநர் எழுதியே கொடுத்திருந்தார். மூடினால் இவரை வேறொரு மேசைக்கு மாற்றுவார்கள். கூலிப் பெண்கள் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான், விதைத்த மறுநாளே குடலிறக்க ஆபரேஷனுக்குப் போக நேர்ந்தபோது, காய்கறிப் பிரிவிலிருந்து கைராசி என்ற கூலிப் பெண்ணைக் கேட்டு வாங்கி இந்த வயலில் விட்டுப் போனார். அவள் கை பட்டால் துலங்கும் என்று பண்ணையே சொல்லும். பேரே அப்படித்தான் ஆயிற்று. இது என் உசிர் மாதிரி, பத்திரம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. கூலியாளிடம் அதற்கு மேல் யார் சொல்கிறார்கள்?

"ஒழுங்கா பாத்துக்கிட்டாளா?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"அவளா? ஞாயித்துக்கிழமைகூட மடியக் கட்டிக்கிட்டு வந்து குனிஞ்சு கெடந்தா. லீவு நாளுக்குக் கூலி கேக்கக் கூடாதுன்னு நான் கறாரா சொல்லிட்டேன்."

ஆராய்ச்சியாளர் இயக்குநருக்குப் போன் போட்டார். மழை வருவதற்குள் அந்த நிலத்தில் மக்காச்சோளம் போட வேண்டும், இன்றைக்கே உழுதுவிடுங்கள் என்றார் இயக்குநர். அறுவடை வரை விட்டால் விதையையாவது சோதித்துப் பார்க்கலாமே என்று இவர் இழுத்தார். கதிர் படாத விதையைச் சோதித்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு இயக்குநர் போனை வைத்தார். இவர் டிராக்டர்காரனுக்குக் கை காட்டினார்.

டிராக்டர் இறங்கியது. கலப்பை போன வழியெல்லாம் பச்சை புரண்டு மண்ணுக்குள் போயிற்று. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பண்ணையின் மறுகோடியில் களை எடுத்துக்கொண்டிருந்த கைராசி, சத்தம் கேட்டு ஓடி வந்தாள். உழுது கிடந்த மண்ணையும் ஆராய்ச்சியாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்பு செய்தோமோ என்று அவள் முகம் வெளிறியது.

அவருக்கு மனசு கேட்கவில்லை. உன் மேல் ஒரு குறையும் இல்லை, விதை தயாரித்ததில்தான் கோளாறு என்றார். பாதியாவது செத்திருக்க வேண்டும், ஒன்றுகூடச் சாகவில்லை, அதனால்தான் அழித்தோம் என்று முதல் தடவையாக அவளுக்கு விளக்கிச் சொன்னார்.

"சாகறதுக்குத்தான் போட்டீங்களா?"

"ஆமாம்மா."

அவள் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

"பாதிக்கு மேல செத்துதான் போச்சுங்க ஐயா. காலிக் குழிக்கு எம்மேல பழி வந்துடுமேன்னு, நான்தான் வேற சோயா விதை போட்டு நெரப்பி வெச்சேன்."