கோட்டுக்கு மேலே ஒரு பிடி

பிளீச்சிங் பவுடர் மூட்டையை எடுத்துப்போகத் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் திலீபன் மதலேனாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

இனி அது தேவையில்லையாம். தேனிக்கு வெளியே இருக்கும் அந்தக் காலனிக்குப் போர்வெல் தண்ணீர்தான் கதி. நேற்று மோட்டார் ரூமில் புது மெஷின் வைத்துவிட்டார்கள். கிருமி கொல்லும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அதுவே தண்ணீரில் விட்டுக்கொள்ளும்.

மோட்டார் ரூம் ஒழுகும் என்பதால் மூட்டை எப்போதும் இவள் வீட்டு மூலையில்தான் கிடந்தது. புருஷன் மரியராஜ்தான் அப்போது ஆபரேட்டர். விடிந்ததும் பால்பவுடர் டப்பாவில் மருந்தை அளந்து வாளியில் கொட்டுவார். இவள் குச்சியால் கலக்குவாள். தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துக்கொண்டு அவர் டேங்க் ஏணியில் ஏறுவார்.

"ஜோடியா உக்காந்து என்ன, பாயசமா கிண்டுறீக?" என்று பக்கத்து வீட்டு வேல்விழி கேலி செய்வாள். எவ்வளவு நல்ல காலைகள் அவை.

அவர் முகம் கழுவத் திரும்பும் நேரம் பார்த்து, இவள் மூட்டைக்குள் கைவிட்டு இன்னும் ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டுவிடுவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷ மழையில், டேங்கில் மருந்தே போடாத காலத்தில், இவர்களுடைய மகள் ரோஸ்லினை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. பிள்ளை அப்போது இரண்டாம் வகுப்பு. அளவு சரிதான் என்று யார் சொன்னாலும் பெற்ற மனம் நம்பவில்லை.

முதலில் காலனியே கத்தியது. காப்பியில் நெடி, குழம்பில் நெடி, மரியராஜுக்குக் கை ரொம்பத் தாராளம் என்று. கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிட்டது. சனங்களுக்குப் பழகிவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் நெஞ்சுவலியில் அவர் போகும்வரை இந்தப் பிடியைப் பற்றி இவள் அவரிடம் சொல்லவே இல்லை. அதன்பிறகு அதே டப்பாவால் திலீபன் அளந்து வாளியில் கொட்டினான். இவளுடைய பிடி மட்டும் நிற்கவில்லை.

இன்றோடு அதுவும் நின்றது. தெருக்குழாயில் பிள்ளைகள் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே பயமாக இருந்தது.

"தம்பி, அந்த மெஷின்ல மருந்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியாதாய்யா?"

திலீபன் டப்பாவை எடுத்து அவளிடம் சாய்த்துக் காட்டினான். உள்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ஆணியால் கீறிய ஒரு கோடு.

"சரியாத்தான் வச்சிருக்குக்கா. முழு டப்பாதான் சரியான அளவு. அண்ணன்தான் எனக்கு இந்தக் கோட்டோட நிறுத்தச் சொன்னாக. 'மிச்சத்த உங்க அக்கா போடுவா, நீ பாக்காத மாதிரி திரும்பிக்க'ன்னாக."

அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

டப்பாவை மட்டும் அவள் கொடுக்கவில்லை.