ஆனிக்குப் பத்து ரூபாய்

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அதுதான் சிக்கல்.

அவன் மறுபடியும் வகுத்துப் பார்த்தான். மாதக் கட்டணம் முந்நூறு. முப்பது நாள். ஒரு நாளுக்குப் பத்து ரூபாய். மென்பொருளும் பத்து ரூபாய்தான் கேட்டிருந்தது. ஒரு பைசா கூடுதலாகக் கேட்டிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

தொலைபேசியில் சிவமலை மூச்சு வாங்கினார். கோபி டவுனுக்குப் பக்கத்தில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுப்பவர். பில் போடுவதற்கு இவனுடைய கம்பெனியின் மென்பொருளை வாங்கியவர். இப்போது வருந்துபவர்.

"ஏனுங் தம்பி, வராத நெட்டுக்கு எவன் காசு கட்டுவான்? தெருவே கடை வாசல்ல வந்து நிக்குதுங்."

அவர் நல்லதைத்தான் செய்தார்.

புதுத் தெரு ஒன்றுக்கு ஆடி முதல் தேதி கேபிள் இழுத்திருந்தார். ஆடியில் அங்கே யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, இணையம் உட்பட. தெரு முகம் சுளித்தது. எல்லா வீட்டுக்கும் தொடக்கத் தேதியை ஒரு நாள் முந்தையதாக மாற்றினார். ஜூலை பதினாறு. ஆனி கடைசி.

தெரு சிரித்தது.

மென்பொருளுக்கு ஆடி தெரியாது. ஒரு நாள் அதிகமாகியிருப்பது மட்டும் தெரிந்தது. அந்த ஒரு நாளுக்கென்று வீடு வீடாகத் தனி பில் அனுப்பியது.

"பாக்கறேங்கண்ணா. லைன்லயே இருங்க."

அலுவலகச் சுவரில் ஒரு திரை உண்டு. யார் எத்தனை சிக்கலைத் தீர்த்தார்கள் என்று பெயரோடு காட்டும். அவன் பெயருக்கு எதிரே பூஜ்யம். அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. பூஜ்யத்துக்கு ஆகிவிட்டது.

முதன்முறையாக ஒரு சிக்கல் அவனிடம் தனியாக வந்திருக்கிறது. "முடியலன்னா எனக்குத் தள்ளிடுடா," என்று சொல்லிவிட்டு டீம் லீட் ரெஜினா டீ குடிக்கப் போயிருந்தாள்.

தள்ளவில்லை.

வரியா? இல்லை.

அபராதமா? இல்லை.

தொடக்கத் தேதி ஆனிக்குப் போயிருந்தது. முதல் மாத பில் ஏற்கெனவே ஆடி ஒன்று முதல் போடப்பட்டு, பணமும் கட்டியாகிவிட்டது. நடுவில் ஒரு நாள் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது.

அமைப்புகளின் அடியில், யாரும் இறங்கிப் போகாத ஓர் இடத்தில், ஒரு கட்டம். தேதியை முந்தைய நாளுக்கு நகர்த்தினால் இடைப்பட்ட நாளுக்கும் கட்டணம் வசூலிக்கவும். டிக் போட்டிருந்தது.

எடுத்தான்.

ஒரு வீட்டில் சோதித்தான். பத்து ரூபாய் பில் மறைந்தது.

தெரு முழுக்கச் செய்தான். மறைந்தது.

தீர்ந்தது என்று பதிந்தான். சுவரில் அவன் பெயருக்கு எதிரே ஒன்று.

போட்டோ எடுத்தான். மங்கலாக வந்தது. எழுந்து பக்கத்தில் போய் இன்னொன்று எடுத்தான்.

"தம்பி, அந்தப் பத்து ரூவா பில்லு எங்கீங், காணோம்?"

"அழிச்சுட்டேங்கண்ணா. இனிமே வராது."

யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"ஏனுங், ஆடில இழுத்த லைனு, வெளங்காதுன்னு என் நாத்தனா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. சண்டை போடத்தான் வந்தேன். பில்லுல தேதியப் பாத்தேன், பதினாறுன்னு இருந்துச்சு. பத்து ரூவா போனாப் போகுது, ரசீத அவ மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு காசை எடுத்தா, அதைப் போயி அழிச்சுப்போட்டீங்களே!"

போன் சிவமலையிடம் திரும்பியது. இப்போது குரல் தணிந்திருந்தது.

"எல்லா வீட்டுக்கும் வேணுமாமுங். ஆனின்னு காட்டறதுக்கு வேற காயிதம் இல்லீங்களே. திருப்பிப் போட முடியுங்களா?"

முடியும்.

போட்டால் தீர்வு ரத்தாகும். ரத்தானால் சுவரில் 'ரத்து' என்று செய்தி வரும், எண்ணும் குறையும். பயிற்சியில் சொல்லித்தந்ததில் அவனுக்கு மறக்காமல் இருந்தது இது ஒன்றுதான்.

டிக்கைத் திரும்பப் போட்டான்.

பத்து ரூபாய்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. போனில் யாரோ சிரித்தார்கள். கடைக்குள் பிரிண்டர் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

ரெஜினா வந்தாள். சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடா, மறுபடியும் பூஜ்யம்னு காட்டுது?"

அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"நான்தாங்கக்கா பண்ணேன்."