நாலு பக்கமும் காயல்

ஓணம் லீவுக்குக் காயல் தீவில் இரண்டு நாள் தங்க முடிவானதும், கரமனை தர்மாம்பாள் அங்கிருந்த மூன்று விடுதிகளுக்கும் ரிப்ளை கார்டு போட்டாள். கேள்வி ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியுமா?

"கார்டைப் பாத்து ரூம் தரப்போறானாக்கும்!" என்று கணவர் ஸ்ரீகண்டன் சிரித்தார்.

மூன்று பதிலும் வந்தன. இரண்டில் 'ஒரு பக்கம் தெரியும்' என்றிருந்தது. மூன்றாவதில் 'நாலு பக்கமும்'. அதையே பிடித்தாள்.

விடுதிப் பணியாள் பெட்டியை அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். தர்மாம்பாள் சுவர் சுவராகப் போய் ஜன்னல்களைத் திறந்தாள். நாலு சுவர், நாலு ஜன்னல், நாலிலும் காயல்.

"பாத்தேளா! நான் சொன்னேனோல்லியோ?"

"சம்மதிச்சேன், நீ ஜெயிச்சுட்டே" என்ற ஸ்ரீகண்டன், காப்பி சொல்ல எழுந்தவர், நடு அறையிலேயே நின்றுவிட்டார். கதவு இருந்த இடத்தில் இப்போது நாலாவது ஜன்னல்; அதில் முழங்கையை ஊன்றி தர்மாம்பாள் காயலை ரசித்துக்கொண்டிருந்தாள்.